சோதனைக்குக் கொடுத்த அறை

...முதலில் விளக்கு, எப்போதும் முதலில் விளக்குத்தான், வெயில் கூடத்தின் பாதி வரை வந்து கிடக்கிற நேரத்தில் யாராவது விளக்கைப் போடுவார்களா, ஆனால் அவர் போடுவார், அவருக்கு இங்கே பகலா இரவா என்று எப்படித் தெரியும், அவர் இருக்கிற ஊரில் இப்போது என்ன பொழுதோ... மூடிய கதவுக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று விழுந்திருந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தெரியும். அவள் எட்டிப் பார்த்தாள். கையில் பாதி உரித்த வெங்காயம், அதை வைத்துவிட்டுப் போகவா, வைத்துக்கொண்டே போகவா, போய்த்தான் என்ன செய்ய, அந்த அறையில் யாரும் இல்லை, நான்கு மாதமாக யாரும் இல்லை, கட்டில் இருக்கிறது, கட்டிலின் மேல் சுருக்கமில்லாமல் இழுத்து விரித்த விரிப்பு இருக்கிறது, அந்த விரிப்பைக்கூட நேற்றுத்தான் மாற்றினாள். எதற்கு மாற்றினாள்? படுக்க ஆளில்லாத கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். அண்ணி இருந்தால் முதல் ஆளாகச் சிரித்திருப்பார். கணவனுடைய அக்கா அவர், கல்யாணமாகி வந்த அன்றைக்கே "என்ன மகாராணி, பெட்டியை நீயே தூக்கிக்கிட்டு வர்ற, ஆள் வைக்கலையா" என்று கேட்டவர். அன்றிலிருந்து அவள் மகாராணிதான். அந்த வீட்டில் அவளை அப்படிக் கூப்பிட்டது அண்ணி ஒருவர்தான், மற்றவர்களுக்கு அவள் ஏம்மா, இங்க பாரு, அவ்வளவுதான்.

அடுத்து மின்விசிறி. சரக் என்று ஒரு இழுப்பு, பிறகு சுழலும் சத்தம். அது தணிந்ததும் திரைச்சீலை. ஜன்னலுக்கு மேலிருக்கும் சின்ன மோட்டார் வயிறு நிறைந்த பூனைபோல முனகும், திரை ஒரு பக்கமாக ஒதுங்கும், மறுபடி மூடும். அண்ணி போன பிறகு, ஆளில்லாத அறையில் தானே ஒதுங்குகிற திரையை முதல்முறை பார்த்தபோது அவள் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கே ஓடிவிட்டாள். எதிர்வீட்டுப் பெண்மணி என்ன என்று கேட்டதற்கு, எலி என்று சொன்னாள். வேறு என்ன சொல்வது, செத்துப்போன நாத்தனார் அறையில் விளக்கு எரிகிறது என்றா... மாலையில் கணவன் வந்து கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். எல்லாம் தன் வேலைதான் என்றான். அண்ணிக்காக அவன் எழுதிய செயலியை, அதாவது கட்டிலில் கிடப்பவர் ஒற்றை விரலால் விளக்கு, விசிறி, திரை எல்லாவற்றையும் இயக்கி, வாய் பேச முடியாவிட்டாலும் பொத்தானைத் தொட்டுப் பேசவும் முடிகிற அந்தச் செயலியை, ஒவ்வொரு முறை புதுப்பித்துப் போன் கம்பெனியின் செயலிக் கடையில் வைப்பதற்கு முன்பும் கடைக்காரர்கள் சோதித்துப் பார்ப்பார்களாம். சோதிக்க ஒரு மாதிரிக் கணக்கு கொடுக்க வேண்டுமாம். அவன் வெறுமனே ஒரு கணக்கைக் கொடுத்தபோது, இதில் எந்தக் கருவியும் இணைந்திருக்கவில்லை, எங்களால் சோதிக்க முடியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு வந்ததே கோபம். "நிஜமான ரூம்தானே வேணும், இந்தா வெச்சுக்க"ன்னு அக்கா கணக்கையே குடுத்துட்டேன் என்றான். அவர்கள் போனில் விளக்குப் படம் மஞ்சளாக மாறுவது மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே நிஜ விளக்கு எரியுமே, வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அது தோன்றவில்லை. செயலி எழுதுகிற ஆட்கள் எல்லாருமே அப்படித்தான், திரைக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் யோசிப்பார்கள்.

அதன் பிறகு அது ஒரு வேடிக்கையாகிவிட்டது. அந்தச் சோதிப்பவருக்குக் கணவன் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தான். சொல்லாமல் வருவார், எதையும் சாப்பிட மாட்டார், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார், கடைசியில் ஒரு குறை சொல்லிவிட்டுப் போவார், மாப்பிள்ளை இல்லாமல் வேறு யார் என்றான். மாப்பிள்ளை வந்தாரா, மாப்பிள்ளை என்ன சொன்னார்... இரண்டு பேரும் சேர்ந்து சிரித்த கடைசி விஷயம் அதுதான் என்று நினைக்கிறாள். பிறகு அவன் மேலறையை விட்டு இறங்குவதே குறைந்துவிட்டது. காதில் எதையாவது மாட்டிக்கொண்டு, தன்னைப்போல் செயலி எழுதுகிறவர்களோடு மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பான், சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டுவான், ஐந்து விரல், அதற்கு ஐந்து நிமிடம் என்று அர்த்தமா போ என்று அர்த்தமா... பகல் முழுக்க அவளை யாரும் கூப்பிடுவதில்லை. அதுதான் புதிது. எத்தனை வருடம், கைக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு மாவு பிசைய உட்கார்ந்தால் கூப்பிடு, குளிக்கப் போனால் கூப்பிடு, அசந்தால் கூப்பிடு. உடம்பின் தசைகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வருகிற நோய் அது, முதலில் கால், பிறகு கை, பிறகு குரல், கடைசியில் வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். அந்த ஒரு விரலை வைத்துக்கொண்டே அண்ணி இந்த வீட்டை ஆட்டி வைத்தார்.

வெங்காயம் கண்ணைக் கரிக்கிறது. இல்லை, அழவில்லை, இது வெங்காயம்தான். இனிமேல் பேச்சு வரும். விளக்கு, விசிறி, திரை, அப்புறம் மேலிருந்து கீழாகப் பேச்சுப் பொத்தான்கள், மாப்பிள்ளை வரிசை மாறவே மாட்டார், அந்த ஒழுங்கைப் பார்த்து அவர் நல்ல குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும் என்றுகூட ஒருநாள் நினைத்தாள். அறையில் ஒரு ஒலிப்பெட்டி, அடுப்படியில் ஒரு ஒலிப்பெட்டி, இரண்டிலும் ஒரே சமயத்தில் வரும்.

"தண்ணி குடு."

வந்துவிட்டது. இத்தனை முறை கேட்டும் முதுகில் ஒரு எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. அண்ணியின் சொந்தக் குரல். குரல் முழுசாகப் போவதற்கு முன்பே பதிந்து வைத்தது, அந்தக் கூடத்தில் ஜன்னலெல்லாம் சாத்தி, விசிறியை நிறுத்தி, மூன்று பேரும் வேர்த்து வழிய உட்கார்ந்து பதிந்தார்கள். என்னென்ன வாக்கியம் தேவைப்படும் என்று கணவன் யோசித்து வைத்திருந்தான், தண்ணி குடு, வலிக்குது, திருப்பிப் படுக்க வை, விளக்கை அணை... அண்ணி கேட்டுவிட்டு, நான் என்ன ஆஸ்பத்திரியா நடத்தப்போறேன் என்றார். அதற்கு மேல் அவரே சேர்த்தார். டிவியில அந்த ஆளு மூஞ்சியை மாத்து. உன் புருஷன் என்ன சொல்றான். உப்பு பத்தல. யாராவது வாங்க என்று பதியச் சொன்னதற்கு, யாராவது எதுக்கு வரணும், வர்றது அவ ஒருத்தி, என்று சொல்லி "மகாராணி, இருக்கியா?" என்று பதிந்தார். கடைசியாக ஒன்று, "சும்மாதான் கூப்பிட்டேன்." அதற்கு ஒரு பொத்தானை வீணாக்க வேண்டுமா என்று கணவன் தயங்கினான், திரையில் இடமில்லை அக்கா என்றான். "அதாண்டா முக்கியமான பட்டன். மத்ததுக்கெல்லாம் முக்கினாப் போதும், இவளுக்குப் புரிஞ்சுடும். சும்மா கூப்பிடறதை எப்படி முக்கிக் காட்டறது?" என்றார் அண்ணி. அன்றைக்கே நாக்குக் குழறத் தொடங்கியிருந்தது, "முக்கி" என்ற இடத்தில் இரண்டு தடவை தடுக்கியது, மூன்று பேரும் சிரித்தார்கள், சிரிப்பும் பதிவாகி, அதைப் பிறகு வெட்டினார்கள்... வெட்டியிருக்க வேண்டாம்.

"வலிக்குது," என்றது பெட்டி. "திருப்பிப் படுக்க வை."

சரி, வரிசையாகத்தான் போகிறார். வெங்காயத்தை நறுக்கலாம். நறுக்கவும் செய்தாள், கத்தி போகிறது, காது மட்டும் அங்கேயே நிற்கிறது. இன்றைக்கு மாப்பிள்ளை என்ன குறை சொல்வார், புதிதாக என்ன இருக்கிறது சொல்ல, இரண்டு மாதமாக ஒரே குறைதான். செயலியைப் பயன்படுத்தும் குடும்பங்கள் மாதச் சந்தாவைக் கணவனின் இணையதளத்தில் கட்டுகிறார்கள், அது கூடாது, கடையின் கல்லா வழியாகத்தான் கட்ட வேண்டும், கட்டினால் அதில் கடை ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், உங்கள் தளத்தின் முகவரியைச் செயலிக்குள் எங்கேயும் காட்டவே கூடாது. ஒவ்வொரு முறையும் அதே பத்தி, ஒரு எழுத்து மாறாமல். கணவன் கொதித்துப் போவான். "வீடு நம்மளது, வாசல் மட்டும் அவனோடதாம். ஒவ்வொரு தடவை உள்ள வரும்போதும் காசு வெச்சுட்டு வரணுமாம். சரி, வேற வாசல் வெச்சுக்கறேன்னா அதுக்கும் விட மாட்டான்." அந்த வகை போன்களுக்குள் ஒரு செயலி போக வேண்டுமென்றால் அந்த ஒரே கடைதான், வேறு வழியில்லை, அதைத்தான் அவனும் அவன் கூட்டாளிகளும் எதிர்க்கிறார்கள். இன்றைக்கு அதற்கு ஒரு பெரிய விசாரணை, அரசாங்கம் ஒரு குழு போட்டிருக்கிறது, கடைக்காரர்கள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம், விடியும் முன்பே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பக்கத்து நகரத்துக்குப் போயிருக்கிறான். அண்ணி உயிரோடு இருந்தபோது இந்தப் பேச்சு எழுந்தால் கடைக்காரன் பக்கம்தான் பேசுவார். ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, காவல் இருக்கிறவனுக்குக் கூலி வேண்டாமா, கண்டவனும் உள்ளே வந்தால் என் போனிலிருந்து திருடிக்கொண்டு போக மாட்டானா, நான் எழுந்து துரத்தவா முடியும், என்று பெட்டியைப் படிக்க வைப்பார். கணவனும் விட மாட்டான். காவல் வேண்டும்தான் அக்கா, ஆனா காவல்காரனே வீட்டு வாடகை கேக்கறானே என்பான். இரண்டும் சரி மாதிரித்தான் அவளுக்குத் தோன்றும். யார் பக்கம் என்று கேட்டால் அவள் அடுப்பு பக்கம் என்பாள்.

போன் அடித்தது. தையற்காரர். அவரை அவள் நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம், செயலியை முதலில் வாங்கியவர்களில் ஒருவர், அவர் மனைவிக்கும் அண்ணிக்கு வந்த அதே நோய். அந்த அம்மாளின் குரலைப் பதிவதற்கு இவள்தான் போனில் சொல்லிக் கொடுத்தாள், ஜன்னலைச் சாத்துங்க, தையல் மிஷினை நிறுத்துங்க என்று. தம்பி இருக்கிறாரா என்று கேட்டார். வெளியூர் போயிருக்கிறார் அண்ணா என்றாள். கத்தரிக்கோலை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. போன் தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டதாம், அதிலிருந்து செயலியைத் தொட்டால் திறந்து உடனே மூடிவிடுகிறதாம். அவளுக்குத் தெரியும். பழைய செயலி அப்படிப் புதுப்பித்த போனில் ஓடாது, புதுச் செயலி கணவனிடம் தயாராக இருக்கிறது, அதைத்தான் கடை விடவில்லை. இதை அவருக்கு எப்படிச் சொல்வது, வாசலில் நிற்கிறது அண்ணா, உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள் என்றா...

"கல்யாணமான நாள்லேருந்து வாய மூடு, வாய மூடுன்னு சொன்னவன்மா நான்," என்றார் தையற்காரர். "இப்ப அவ பட்டனை அழுத்தறா, சத்தம் வரல. மறுபடி அழுத்தறா. என்னைப் பாக்கறா. போன் கெட்டுப்போச்சுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா. நான் வேணும்னே காது கேக்காத மாதிரி இருக்கேன்னு நெனைக்கறாம்மா. அந்தப் பார்வைதான் தாங்கல."

இன்றைக்குச் சரியாகிவிடும் என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? வாயில் வந்தது. சரிம்மா, அவகிட்ட சொல்றேன், இன்னைக்குன்னு சொல்றேன், என்று அவர் வைத்துவிட்டார்.

போனை வைத்த பிறகுதான் வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. பேச்சு நின்றுபோயிருந்தது. திருப்பிப் படுக்க வை என்பதற்கு அடுத்தது விளக்கை அணை, அதற்கடுத்தது டிவியில அந்த ஆளு, தையற்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது அதெல்லாம் வந்து போய்விட்டதா, இல்லை மாப்பிள்ளையும் நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாரா... சே, அவருக்கு எப்படிக் கேட்கும், அந்தப் பெட்டிக்கு வாய்தான் உண்டு, காது கிடையாது. கதவின் கீழே மஞ்சள் கோடு அப்படியே இருந்தது. மின்விசிறி ஓடவில்லை. ஓடியதை யார் நிறுத்தினார்கள், வழக்கமாகக் கடைசியில்தானே நிறுத்துவார். அண்ணிக்கு விசிறிக்காற்று ஆகாது. போட்ட கொஞ்ச நேரத்திலேயே தோள் வலிக்கிறது என்று நிறுத்திவிடுவார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொள்ளத் துணியைத் தேடினாள், துணி தோளிலேயே கிடந்தது.

"மகாராணி, இருக்கியா?"

இது ஏழாவதோ எட்டாவதோ வர வேண்டியது. இப்போது வரக்கூடாது. அவள் அசையாமல் நின்றாள். பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் ஓடி நின்றது. அவர் தவறி அழுத்தியிருக்கலாம், வரிசை மறந்திருக்கலாம், வேறு புது ஆளை வேலைக்கு வைத்திருக்கலாம், பழைய மாப்பிள்ளை லீவாக இருக்கலாம், அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்காதா, ஒருநாள் கிழமை வராதா...

"மகாராணி, இருக்கியா?"

இரண்டாம் முறை. எந்தப் பொத்தானையும் அவர் இரண்டாம் முறை தொட்டதில்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், உப்பு ஜாடிக்கு மேலே, ஒரு வட்டப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அங்கே, செயலியை வைத்திருப்பவரின் திரையில் "வர்றேன்" என்று ஒரு வரி விழும். கை ஈரமாக இருக்கும்போது முழங்கையால் இடித்தாலும் போதும் என்று கணவன் பெரிதாக வைத்தது. நான்கு மாதமாக அவள் அதைத் தொடவில்லை. சோதிக்கிறவரிடம் குறுக்கே பேசக்கூடாது, ஏதாவது செய்துவைத்து அதற்கு ஒரு குறை சொல்லிவிடப்போகிறார்கள் என்று கணவன் எச்சரித்திருந்தான். முழங்கைதான் போனது. அவள் போகச் சொல்லவில்லை, பழக்கம், அத்தனை வருடப் பழக்கம், குரல் கேட்டால் முழங்கை போகும், அவ்வளவுதான். பொத்தான் டக்கென்று உள்ளே போய் வெளியே வந்தது. எங்கோ ஓர் ஊரில், எங்கோ ஒரு மேசையில், யாரோ ஒருவருக்கு முன்னால் "வர்றேன்" என்று விழுந்திருக்கும். அவர் என்ன நினைப்பார்? திடுக்கிடுவாரா? ஒருவேளை அவரும் இத்தனை நாள் ஆளில்லாத ஒரு மாதிரி அறையைத்தான் தொட்டுக்கொண்டிருப்பதாக நினைத்திருப்பாரோ, இப்போது உள்ளிருந்து ஒருத்தி வர்றேன் என்றால், அவர் தன் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து... சிரிப்பு வந்தது. வெகுநேரம் ஒன்றுமில்லை. வெகுநேரமா, கொஞ்ச நேரம்தானா, அடுப்பில் ஏற்றிய தண்ணீர் கொதித்துப் பாதியாகிக்கொண்டிருந்தது.

"சும்மாதான் கூப்பிட்டேன்," என்றது பெட்டி.

எப்படி அந்த அறைவரை நடந்தாள் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தாள். கட்டில். விரிப்பு. திரை பாதி ஒதுங்கி, முழுசாகவும் இல்லை மூடியும் இல்லை, அண்ணிக்குப் பிடித்த அளவு, கண்ணில் வெயில் படாமல் தெரு மட்டும் தெரிகிற அளவு. அதுவும் தற்செயல்தான், மோட்டார் அங்கே நின்றிருக்கும். அலமாரியைத் திறந்து துணிக்கு அடியில் கையை விட்டாள், அண்ணியின் போன் இருந்தது, கல்போலக் குளிர்ந்து, அணைந்து கிடந்தது, அழுத்தி அழுத்திப் பார்த்தாலும் எழவில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதிதானா? எழுந்திருந்தால்? போனை மறுபடி துணிக்கு அடியில் வைத்து, துணியை நீவிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள், விரிப்பு கசங்குமே என்றுகூடத் தோன்றவில்லை. பயமாக இருந்தது, பயம் இருந்தது, இல்லாமல் எப்படி, ஆனால் அதோடு சேர்ந்து வேறொன்றும் இருந்தது, பசித்த வயிற்றில் ஒரு வாய் வெந்நீர் இறங்குகிற மாதிரி, என்னைக் கூப்பிட்டார்கள், வேலை சொல்லக் கூப்பிடவில்லை, சும்மா கூப்பிட்டார்கள்.

கணவன் போன் செய்தபோதும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். விசாரணையில் சாப்பாட்டு இடைவேளையாம். போனையெல்லாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்களாம், இப்போதுதான் கொடுத்தார்களாம். அப்படியென்றால் அழுத்தியது அவனும் இல்லை, என்று அவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். குரல் களைத்திருந்தது. கடைக்காரர்களின் வக்கீல் நன்றாகப் பேசினார், நாங்கள் காவல் இருப்பதால்தான் கோடிக்கணக்கான பேர் பயமில்லாமல் போனை வைத்திருக்கிறார்கள் என்றார், சோதிப்பது எல்லாம் மனிதர்கள், ஒவ்வொரு செயலியையும் ஒரு மனிதர் தொட்டுப் பார்க்கிறார் என்றார். அதற்கு இவர்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழுந்ததாம். முன்பு அந்தக் கடையிலேயே வேலை பார்த்த ஒருவர் இவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அவர் வெளியே வந்ததும் விஷயத்தைச் சொன்னாராம்.

"நம்ம மாதிரி சின்ன ஆளுங்களோடது முக்காவாசி மிஷின்தானாம்," என்றான். "கண்ணுல படற பட்டனையெல்லாம் அதுபாட்டுக்கு அழுத்திப் பாக்குமாம். மெயிலும் அதுவே போடுதாம். இவ்வளவு நாளா ஒரு மிஷினுக்குத்தான் மாப்பிள்ளைன்னு பேர் வெச்சுக் கொண்டாடிட்டிருந்திருக்கோம்."

அவள் சிரிக்க வேண்டிய இடம் அது, அவன் காத்திருந்தான். அவள், கூப்பிட்டா பதில் சொல்லுமா அது, என்று கேட்டாள். எது என்றான். மிஷின். அதெல்லாம் ஒன்றும் சொல்லாது, தாறுமாறாக அழுத்தும், எதை எப்போது அழுத்தும் என்று அதற்கே தெரியாது, ஏன் கேக்கறே. ஒன்றுமில்லை என்றாள். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான், இன்றைக்கும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், இப்போதுதான் மெயில் பார்த்தேன், அதே பத்தி. இந்த விசாரணை முடிந்து தீர்ப்பு வர வருடக்கணக்காகும். தையற்காரர் இவனுக்கும் கூப்பிட்டிருக்கிறார், எடுக்க முடியவில்லை, வரிசையாக அழைப்புகள் கிடக்கின்றன, இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் வாயடைத்துக் கிடக்கிறார்களோ தெரியவில்லை. "போதும்மா. அவங்க கேக்கற பங்கைக் குடுத்துடுவோம். அவங்க கல்லாவையே வெச்சுப் புதுசா ஒண்ணு எழுதி ரெடியா வெச்சிருக்கேன், லேப்டாப் தெறந்துதான் இருக்கு. எழுத்துப் பக்கமெல்லாம் நீ எழுதினதுதானே, நம்ம சைட் அட்ரஸ் எங்கெங்க வருதோ எடுத்துட்டு அனுப்பிடு. ஒண்ணு விட்டாலும் மறுபடி திருப்பி அடிப்பாங்க, பாத்துக்க. சரியாப் போச்சுன்னா நாளைக்கே தையற்காரர் வீட்டுப் போன்ல பேச்சு வந்துடும்." கடைசியில் ஒன்று சொன்னான். பாஸாகிவிட்டால் அந்த அறையைக் கழற்றிவிடலாம், மோட்டார், பெட்டி எல்லாவற்றையும், எத்தனை நாளைக்குத்தான் அதை அப்படியே வைத்துக்கொண்டிருப்பது, உனக்கும் பயம். அவள் ம் என்றாள்.

மேலறையில் ஜன்னல் மூடியிருந்ததால் புழுக்கம். நாற்காலியில் அவனுடைய துண்டு. அவள் துண்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். எழுத்துப் பக்கங்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம், செயலியில் வரும் தமிழெல்லாம் அவள் கைதான், அவனுக்கு நாலு வரி கோர்வையாக எழுத வராது. முதல் பக்கத்தில் இருந்த முகவரியை எடுத்தாள். சந்தாப் பக்கத்தில் எடுத்தாள். குரல் பதியும் பக்கத்தில், அதில் இரண்டு இடம், எடுத்தாள். பெரிய வேலை இல்லை, சொத்தையை நீக்கிக் காய் அரிகிற மாதிரிதான். எடுக்க எடுக்க தையற்காரர் மனைவியின் முகம் வந்தது, பார்த்தே இராத முகம், அழுத்துகிறாள், சத்தம் வரவில்லை, கணவனைப் பார்க்கிறாள்... நாளைக்கு வந்துவிடும், நாளைக்கு நீங்கள் திட்டலாம், ஆசை தீரத் திட்டலாம். கீழே காது வைத்துக்கொண்டேதான் செய்தாள், கீழே ஒன்றும் இல்லை. மிஷின் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டது. அடுத்து வேறு யார் வீட்டு விளக்கைப் போடுகிறதோ. இது பாஸாகிவிட்டால் இங்கே அதற்கு வேலையில்லை. கல்லாவை ஒப்புக்கொள்கிறீர்களா, பங்கை ஒப்புக்கொள்கிறீர்களா என்று திரை கேட்டது, ஒப்புக்கொண்டாள். உதவிப் பக்கங்களைக் கடைசியாக ஒருமுறை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்துவிட்டு, அனுப்பு என்பதை அழுத்தினாள். சின்னச் சக்கரம் ஒன்று சுழன்றது. "சோதனைக்குக் காத்திருக்கிறது" என்று வந்தது.

சரி, முடிந்தது. தையற்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அனுப்பியாயிற்று அண்ணா, நாளைக்கு என்று. போனைக் கையில் எடுத்துவிட்டாள், எண்ணைத் தேடும்போதுதான் நினைவு வந்தது. உதவிப் பக்கத்தின் அடியில், குரல் தெளிவாக இல்லையென்றால் என்ற தலைப்புக்குக் கீழே, மேலும் விவரங்களுக்கு எங்கள் தளத்தைப் பாருங்கள் என்று ஒரு வரி, முகவரியோடு. அதை எடுத்தாளா? எடுக்கவில்லை. அவ்வளவு அடியில் இருக்கிறது, யார் கண்ணுக்கும் படாது, அவள் கண்ணுக்கும் படவில்லை, பட்டிருந்தால் எடுத்திருப்பாளே, வேகமாக ஓட்டியதில் தப்பிவிட்டது, மனுஷிதானே. மிஷின் விடாது, கண்டுபிடித்துவிடும், மறுபடி அதே பத்தியை அனுப்பும், மறுபடி திருத்தி அனுப்ப வேண்டும், அதற்குள் இன்னும் சில நாள், மறுபடி சோதிக்க வரும், விளக்கு, விசிறி, திரை... திரையில் "திரும்பப் பெறு" என்று ஒரு பொத்தான் இருந்தது. இப்போது அழுத்தினால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பிவிடலாம், ஒரு நிமிட வேலை. அவள் கையைக் கொண்டுபோனாள். பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே கொண்டுபோனாள், பாதி வழியில் அது நின்றது. அந்த வரியின் முடிவில் இத்தனை நாளும் முற்றுப்புள்ளி இல்லாமல் இருந்தது. அந்தப் புள்ளியை வைத்தது அவள்தான். இப்போதுதான், அனுப்புவதற்கு முன்னால், நிறுத்தி, கவனமாக வைத்தாள்.